ஒன்பதாம் கோபுரத்தின் கதவு

"அம்மா, நான் படிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டான் சொரிமுத்து.

பிரமநாயகி திரும்பவில்லை. கண்காணிப்பு அறையின் ஒரு ஜன்னல் வழியாக மேகம் ஒன்று நுழைந்து, அவளுடைய தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டு, மறு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு உயரம் அந்த மலை.

"முடிஞ்சுட்டுன்னு யாரு சொன்னா?"

"விளக்குப் பலகை சொல்லுது. நாற்பது கோபுரம், நாற்பதும் பச்சை. பதினொரு நாளா ஒரு அலாரம் இல்லை."

குருவுக்கும் சீடனுக்கும் ஒரே வயது. நரை மட்டும் அவனுக்கு முந்திக்கொண்டது.

ஊர்ப் பேச்சையெல்லாம் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எறிவது கோபுரங்களின் வேலை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் கருவி. கருவி எதற்கெல்லாம் கத்த வேண்டும், எதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்தபடியே எழுதி அனுப்பலாம். எஸ்என்எம்பி என்று அதற்குப் பெயர்.

மூன்று வருடமாகச் சொரிமுத்து படிப்பது அதைத்தான். முடித்தால் இந்த அறையின் சாவி அவனுக்கு.

"ஒன்பதாம் கோபுரம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கத்துமே. அது எப்படி அமைதியாச்சு?"

"அலமாரிக் கதவு திறந்திருக்குன்னு கத்தும். ஒவ்வொரு தடவையும் நான் போன் போட்டுத் திட்டணும். 'மூடிட்டேன் சார்'னு அங்க உள்ளவரு சொல்லுவாரு. ஒரு மணி நேரத்துல மறுபடியும் திறந்துக்கிடும். கொண்டி சரியில்லை போல. கதவு அலாரத்தையே நிறுத்திட்டேன்."

"கொண்டியச் சரி பண்ணலையா?"

"அதுக்கு ரெண்டு நாள் நடக்கணும்மா. இது ஒரே ஒரு வரி."

"அங்க யாரு இருக்கா?"

"மாடக்கண்ணுன்னு ஒரு காவலாளி. தனியாத்தான்."

"எப்படி இருக்காரு?"

சொரிமுத்து பலகையைப் பார்த்தான்.

"பச்சையா இருக்காரும்மா."

பிரமநாயகி இப்போதுதான் திரும்பினாள்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க நம்ம பலகை கேக்குதுல்லா," என்றான் அவன், அவசரமாக. "'நல்லாருக்கேன்'னு பதில் வருது."

"கருவி நல்லாருக்கு."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொண்டியச் சரி பண்ணிட்டு வாங்க. சாவியப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவன் நடந்தான்.

ஒன்பதாம் கோபுரத்து மலையில் காற்று எப்படி என்றால், காக்கைகள் அங்கே பறப்பதில்லை. நடந்துதான் போகும், அதுவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. மாதத்துக்கு ஒருமுறை அரிசி கொண்டுவரும் ஜீப், பாதி மலையில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

கோபுரத்தின் உச்சி வழியாக நொடிக்கு ஆயிரம் பேர் பேசிக்கொண்டே போகிறார்கள். அடியில் செல்போன் எடுக்காது. சுவரில் ஒரு போன் உண்டு. அதில் எண்கள் இல்லை. அழைப்பு வரும், போகாது. யாரோ ஒரு புத்திசாலியின் சிக்கனம்.

இரண்டாம் நாள் பகலில் போய்ச் சேர்ந்தான்.

"மாடக்கண்ணு," என்று கூப்பிட்டான்.

காற்று அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டது.

அவர் அலமாரிக்கு முன்னால் பாயில் கிடந்தார். பாதி உடம்புதான் மிச்சமிருந்தது. கதவின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மறுமுனை அவர் மணிக்கட்டில்.

"வந்துட்டீங்களா சார்," என்றார். "காய்ச்சல் முந்தாநாள் விட்டுட்டு. எந்திரிக்கத்தான் முடியல."

"இது என்ன கயிறு?"

"நடக்க முடியல. அதான் படுத்துக்கிட்டே இழுத்தேன். ஒரே நாள்ல அறுபது தடவை திறந்தேன் சார். அங்க அடிக்கலையா?"

சொரிமுத்து பையைக் கீழே வைத்தான். அடுப்பைப் பற்றவைத்தான். கஞ்சி காய்ச்சினான். மடியில் தலையை வைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். மாடக்கண்ணு கஞ்சியைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் விழுங்கினார்.

பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனான்.

கொண்டி பளபளவென்று இருந்தது. தள்ளினால் விழுந்தது. இழுத்தால் எழுந்தது.

"இதுல ஒரு பழுதும் இல்லையே."

"இருக்காது சார். வாரத்துக்கு ஒருக்க எண்ணெய் போடுதேன்."

"அப்போ காய்ச்சலுக்கு முந்தி? ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை எப்படித் திறந்துச்சு?"

மாடக்கண்ணு தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிடுவீங்கள்லா."

"கூப்பிட்டுத் திட்டத்தானே செஞ்சேன்."

"ஆமா. நல்லாத் திட்டுவீங்க." கண்ணால் சுவரைக் காட்டினார்.

சுவர் முழுக்கக் கரிக்கட்டையால் எழுதியிருந்தது. *காலை ஒன்பதே முக்கால்: அறிவு இருக்காவே. பதினொண்ணு: காது செவிடா. மத்தியானம் ரெண்டு: சாப்பிட்டீரா, சாப்பிட்டாச்சுன்னா கதவ மூடும்.*

கடைசி வரியின் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தன.

"அது நான் கேலிக்குக் கேட்டது," என்றான் சொரிமுத்து.

"தெரியும் சார். ஆனாலும் கேட்டீங்கள்லா."

அதற்குக் கீழே சுவர் வெறுமையாக இருந்தது. பதின்மூன்று நாள் வெறுமை.

சொரிமுத்து லேப்டாப்பை எடுத்து அலமாரிக்குள் இருந்த கருவியில் இணைத்தான். தான் எழுதிய ஒரு வரியைத் தேடினான். கிடைத்தது. இவ்வளவு சின்ன வரியா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தான்.

அழித்தது பலித்ததா என்று பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டுக் கதவை மூடினான்.

திறந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று அடித்தது. ஒரு காக்கை வாசலைக் கடந்து நடந்து போனது.

இரண்டு நாள் நடைக்கு அப்பால், ஒருத்தி தேநீரைக் கீழே வைக்க வேண்டும். பலகையைப் பார்க்க வேண்டும். கை நீட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொரிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் இருந்து அதை அவன் அளந்ததில்லை.

போன் அடித்தது.

சொரிமுத்து எழுந்து கையை நீட்டினான்.

"அத எடுக்காதீங்க சார்," என்றார் மாடக்கண்ணு. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நின்றிருந்தார். "அது எனக்கு."