மார்கழிப் பந்தயமும் ஒரு கெட்டில் டீயும்

"டாக்டர், எம் பொண்டாட்டி வரமாட்டேங்கா," என்றார் குற்றாலிங்கம்.

"வாயைத் திறங்க," என்றார் பெர்னதெத் டாக்டர்.

திறந்தார். பஞ்சு உள்ளே போனது. அதோடு அவர் பேச்சும் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடற்கரை ஊரில் பாய்ப்படகு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் பெர்னதெத் டாக்டரம்மாதான் குரு. பிழைப்பு என்னவோ பல் பிடுங்குவது. கடலில் அவரிடம் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவரிடம் நேராக ஒரு பதில் வாங்கியவர்கள் யாரும் கிடையாது. வாய்க்குள் பஞ்சை வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிற பழக்கம் தொழிலில் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று ஊருக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது.

குற்றாலிங்கம் அவரைவிட மிகவும் மூத்தவர். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு படகை வாங்கிவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவரிடம் வந்து சேர்ந்தவர்.

"எங்க வரமாட்டேங்காங்க மதினி?"

குற்றாலிங்கம் கையை நீட்டித் தெற்கே காட்டினார். அப்படியே வளைத்து மேற்கே கொண்டுபோனார். பிறகு நடு ஆகாயத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"கன்னியாகுமரியச் சுத்தி, மினிக்காய்த் தீவுக்கு?"

தலையை ஆட்டினார்.

"ஏனாம்?"

இதற்குக் கையால் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் பஞ்சை எடுத்தார்.

"'கரையே தெரியாத கடல்ல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்ய?'ங்கா. எனக்கு என்ன ஆயிரப் போவுது? எட்டு வருஷமா அந்தப் படகு எங்கையிலதான் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா, டாக்டர்."

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வாங்க."

"நான் மினிக்காய்க்கு வழி கேக்குதேன். நீங்க மிதவையச் சுத்தச் சொல்லுதீய."

"மதினியையும் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

*

கார்த்திகை மழை ஓய்ந்து வாடைக்காற்று பிடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊர்ப் பாய்ப்படகுக் கிளப்பில் பந்தயம் நடக்கும்.

பந்தயம் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். கோப்பை கிடையாது. மைக் வைத்துப் பேச ஆள் கிடையாது. கடலில் மூன்று மிதவைகளைப் போட்டு, விசில் அடித்து, சுற்றி வரச் சொல்வார்கள். ஜெயித்தவர் கரையில் எல்லாருக்கும் சுண்டல் பரிமாற வேண்டும். கடைசியாக வந்தவர் இன்னொரு தடவை போய் மிதவைகளை எடுத்து வர வேண்டும். சட்டதிட்டம் அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தவர். அவர் பயணக்காரர். ராமேஸ்வரம் வரை போயிருக்கிறார். மணப்பாட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். படகுக்குள்ளே அடுப்பு, மெத்தை, தண்ணீர்க் கேன்கள், இட்லிக் கொப்பரை எல்லாம் உண்டு.

"கெளம்புன எடத்துக்கே திரும்பி வர எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று கேட்பார்.  மற்றவர்கள் சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள்.

ஆனால் மினிக்காய் அவரை விடவில்லை. அந்தத் தீவின் வரைபடம் வீட்டில் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. தினமும் தீவுக்கு மேலேதான் அவர் தட்டு இருந்தது. தினமும் அதில்தான் அவர் மனைவி செண்பகம் ரசம் ஊற்றினாள். அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போகவும் அவருக்கு மனசில்லை. அப்படி ஒரு யோசனை வந்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு போனார்.

*

விசில் அடித்ததுதான் தாமதம், இடமும் வலமும் படகுகள் உரசுகிற மாதிரி வந்தன.

"வழி விடுங்க அண்ணாச்சி!" என்று ஒரு படகு கத்தியது. விட்டார். இன்னொன்று கத்தியது. அதற்கும் விட்டார். அத்தனை பேருக்கும் விட்டு முடித்தபோது முன்னால் எல்லாரும் இருந்தார்கள், பின்னால் ஒருவரும் இல்லை.

மிதவைகளை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது சுண்டல் பாதிக்கு மேல் காலி.

"என்ன பாத்தீய?" என்றார் டாக்டர்.

"எல்லாப் படகோட முதுகையும் பாத்தேன்."

"நீங்க, மதினி?"

"நான் எங்க பாத்தேன்? உள்ள டீ போட்டுட்டு இருந்தேன்," என்றாள் செண்பகம். "கெட்டிலத்தான் பாத்தேன். காத்து கூடிச்சின்னா ஒடனே அது ஒரு பக்கமாச் சரியுது. இவுகளுக்குப் பொறவுதான் தெரியுது."

குற்றாலிங்கம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டர் இன்னும் கொஞ்சம் சுண்டல் வாங்கிக்கொண்டார்.

*

அடுத்த வாரமும் கடைசி. ஆனால் இப்போது அவருக்குள் ஒரு அரிப்பு வந்துவிட்டது.

டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கிற ரோசாரி ஒரு படகில் வருவாள். அது குற்றாலிங்கத்தின் படகைவிடப் பழையது. பாயில் அழுக்கு. ஓரத்தில் பச்சைப் பாசி. அது அவரை உரசிக்கொண்டு போனபோது ரோசாரி வணக்கம் வேறு சொன்னாள்.

"அதே காத்து. அதே தண்ணி. அவ எப்பிடி முந்துதா, டாக்டர்?"

"எப்பிடின்னு நெனைக்கீய?"

"அதத்தான் நான் கேக்குதேன்."

"நானும் அதத்தான் கேக்குதேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குற்றாலிங்கம் அதையே யோசித்தார். மறுநாள் படகிலிருந்து மெத்தையை இறக்கினார். அதற்கு மறுநாள் இட்லிக் கொப்பரையை இறக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு நடுவில், யாருக்கும் கேட்காத மாதிரி, உள்ளே எட்டிப் பார்த்து, "செண்பகம், கெட்டில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"சோத்தாங்கைப் பக்கம்."

பாயைச் சரிசெய்தார். படகு விறுவிறுவென்று போனது. எட்டு வருஷத்தில் அந்தப் படகு இப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. சின்னப் பையன் மாதிரி சிரித்துவிட்டார்.

அன்றைக்குக் கடைசிக்கு ஒரு படகு முன்னால் வந்தார்கள். மிதவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சுண்டல் சூடாகக் கிடைத்தது.

"இப்பமாவது வாரியா, மினிக்காய்க்கு?" என்று கேட்டார்.

"அதே கேள்விதான்," என்றாள் செண்பகம். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாதுட்டி."

அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

*

மார்கழியின் கடைசி ஞாயிறு. குற்றாலிங்கம் படகில் பாயை அவிழ்த்துக்கொண்டு இருந்தார். டாக்டர் வந்தார்.

"இன்னைக்கு எங்கூட விசில் படகுக்கு வாங்க அண்ணாச்சி. கொடி பிடிக்க ஆள் இல்ல."

"அப்ப எம் படகு?"

"மதினி இருக்காங்கள்லா. கயிறு பிடிக்க ரோசாரி ஏறட்டும்."

"ஐயோ, அவளுக்கு ஓட்டத் தெரியாது. நான் சாப்பிடும்போது சும்மா சுக்கானப் பிடிச்சிட்டு இருப்பா, அவ்வளவுதான்."

"எங்கெங்க சாப்பிட்டீய?"

குற்றாலிங்கம் யோசித்தார். ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டிருக்கிறார். மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்ட பிறகு ஒரு தூக்கமும் போட்டிருக்கிறார். தூங்கினதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை.

செண்பகமும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே போய்க் கெட்டிலை எடுத்து வந்து, சுக்கானுக்குப் பக்கத்தில், தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

*

விசில் படகு என்பது ஒரு சின்ன ஃபைபர் போட். பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். டாக்டர் விசில் அடித்தார். குற்றாலிங்கம் கொடியை இறக்கினார். வெள்ளைப் பாய்கள் மொத்தமாக நகர்ந்து போயின.

அவர் தன் படகைத் தேடினார்.

கிடைக்கவில்லை.

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. பாய் விரித்து ஓடுகிற தன் படகை அவர் ஒரு நாளும் வெளியே நின்று பார்த்ததில்லை. எப்போதும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார். கூட்டத்தில் அதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, கடைசியில் இருக்கும் என்று கடைசிப் படகைப் பார்த்தார். அது தள்ளாடிக்கொண்டு வந்தது.

"பாவம்," என்றார். "அந்தப் பாயைக் கொஞ்சம் இழுத்துக் கட்டக் கூடாதா? நான் இல்லாம ரொம்ப முழிக்கா."



 பார்க்கவே முடியாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். அப்போது முன்னால் வந்த ஒரு படகு அவர் கண்ணில் பட்டது. அது மிதவையை ஒட்டித் திரும்பியது. கை நீட்டினால் மிதவையைத் தொட்டுவிடலாம், ஆனால் படவில்லை. திரும்பின வேகத்திலேயே பாயில் காற்று நிறைந்து, லேசாகச் சாய்ந்துகொண்டு, அது பாட்டுக்கு வந்தது. அவசரமே இல்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு படகுதான்.

"டாக்டர், அது யாரு?"

"யாரு மாதிரி தெரியுது?"

"யாரா இருந்தா என்ன. அப்பிடி ஓட்டுத ஆளு கூட நான் எந்தக் கடலுக்கும் கண்ண மூடிட்டுப் போவேன்."

டாக்டர் முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

படகு கிட்டே வந்தது. பாயின் கீழ் ஓரத்தில் ஒரு நீல ஒட்டு. அந்த ஒட்டை அவருக்குத் தெரியும். அவர்தான் தைத்தது.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு செண்பகம் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். காலடியில் கெட்டிலைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், மறுபடி கெட்டிலைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

 குற்றாலிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் வாய் திறந்ததும் வந்தது பழைய பேச்சுதான்.

"செண்பகம்! பாயத் தளத்து! சுக்கான ரோசாரிட்ட குடு! ஓரமா வா, நான் ஏறிக்கிடுதேன்!"

"பந்தயம் முடியல!" என்றாள் செண்பகம், பாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் எழுந்தார். குற்றாலிங்கத்தின் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து, பட்டையை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

"இறுக்கமா இருக்கா, அண்ணாச்சி?"

"இருக்கு டாக்டர். எதுக்கு?"

டாக்டர் அவரைக் கடலில் தள்ளினார்.

*

மேலே வந்தபோது வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

"டாக்டர்! கயிறு!"

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். மடியில் கொடி. கண் அவர் மேல்தான் இருந்தது, கை மட்டும் அசையவில்லை. வாடை நீரோட்டம் குற்றாலிங்கத்தை விசில் படகிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டு போனது.

அவர் திரும்பி, போய்க்கொண்டிருந்த தன் படகைப் பார்த்தார். அவருக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால், கூப்பிடு தூரத்தில், முடிகிற கோடு.

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். கோட்டைப் பார்க்கவே இல்லை.

பாய் படபடவென்று அடித்தது. படகு அகலமாக வளைந்து திரும்பியது. வழியில் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு படகு முந்தியது, இன்னொன்று முந்தியது. கடைசியில் தள்ளாடிக்கொண்டு வந்ததுகூட முந்திப் போனது.

தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் படகு வீடு மாதிரி இருந்தது. அது நேராக அவரைப் பார்த்து வந்தது. இடித்துவிடுவாள் என்று நினைத்தார். கத்த வாயைத் திறந்தார். ஒரு அலை வந்து அடைத்துவிட்டது.

படகு இடிக்கவில்லை. காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, பாய் தளர்ந்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நின்றது.

"கையக் குடுங்க," என்றாள் செண்பகம்.

ரோசாரி ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள். குற்றாலிங்கம் பலகையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"அந்த டாக்டரம்மா என்னத் தள்ளி விட்டுட்டாங்க."

"பாத்தேன்."

"பயந்துட்டியா?"

"அதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

விசில் கேட்டது. எல்லாரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். டாக்டர் கொடியை நீட்டி மிதவைகளைக் காட்டினார்.

"இன்னைக்கு நாமதான் கடைசி," என்றாள் ரோசாரி.

குற்றாலிங்கம் எழுந்தார். பழக்க தோஷத்தில் கை சுக்கானுக்குப் போனது.

செண்பகம் அந்தக் கையைப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். குனிந்து, அவள் காலடியில் இருந்த கெட்டிலை எடுத்தார். சொட்டச் சொட்ட உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். படகு முதல் மிதவையைப் பார்த்துத் திரும்பியது.

"செண்பகம்," என்றார் உள்ளேயிருந்து.

"ம்."

"மினிக்காய்..."

"தை பொறக்கட்டும், போவோம்," என்றாள் செண்பகம். "இப்ப டீயப் போடுங்க."