பாதிக் கம்பத்தில் கறுப்புக் கம்பளி

பருந்துக் குன்றின் உச்சியில் ஒரு சின்ன மடம். மடத்து வாசலில் நெடுங்கம்பம் ஒன்று. அந்தக் கம்பத்தில் கொடி எதுவும் ஏறியதில்லை. ஒரு கறுப்புக் கம்பளிதான் ஏறும், அதுவும் கோடையில் மட்டும்.

சித்திரை, வைகாசியில் மேற்கு மலையிலிருந்து இடிமழை எந்த நேரத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது. காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பொழுது சாய்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும்.

குன்றின் அடியில் கீழக்குளம். அந்த ஊர்க்காரர்கள் வற்றிய குளத்து மண்ணை வெட்டி, மிதித்து, அச்சில் அடித்துக் காயப் போட்டிருப்பார்கள். பச்சைக்கல் என்பார்கள். சூளையில் வெந்து செங்கல் ஆகும்வரை அது கல் இல்லை, மழை பட்டால் மறுபடியும் மண்தான். அதற்காகத்தான் கம்பளி. மழை வரும் என்று மடத்தில் இருப்பவருக்குத் தோன்றினால் கம்பளி மேலே போகும். கீழே ஓலைத் தட்டியால் கல்லை மூடிவிடுவார்கள்.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. நாற்பது வயது இருக்கும். அவருடைய சீடர் சடையப்பர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பெண்மக்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "இனி அம்மன் காலடி போதும்" என்று குன்றேறி வந்தவர். குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சித்திரையில் உலகம்மை கம்பளியை மடித்துக் கொண்டுவந்து சடையப்பர் கையில் வைத்தார்.

"இந்தக் கோடைக்கு நீங்கள் பாருங்கள் ஐயா."

"எனக்கு என்ன தெரியும் அம்மா?"

"காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டீர்கள். மேகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டீர்கள். வேறென்ன?"

முதல் தடவை சடையப்பர் கம்பளியை ஏற்றினார். கீழே எல்லாக் கல்லையும் மூடினார்கள். மேகம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது.

இரண்டாம் தடவையும் ஏற்றினார். புழுதிக் காற்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. மூடிய கல் உள்ளேயே வியர்த்து, ஒரு நாள் காய்ந்தது வீணாயிற்று.

மறுநாள் தண்ணீர் எடுக்கக் கீழே போனவரை மாடத்தி மடக்கினாள். சூளைக்கு அவள்தான் தலைவி. அவள் வாய்க்குப் பயந்து ஊரே வேலை செய்யும்.

"என்ன சாமி, கம்பளி ஈரமா இருந்துச்சா? காயப் போடத்தான் ஏத்துனீகளோ?"

மண் மிதித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சடையப்பரும் சிரித்துவைத்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு குன்றேறும்போது காது மட்டும் எரிந்தது.

மூன்றாம் தடவை மேற்கே மேகம் நின்றது. வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது. சடையப்பர் ரொம்ப யோசித்தார். கடைசியில் கம்பளியைப் பாதிக் கம்பம்வரை ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டார்.

கீழே ஊர் திகைத்துப்போயிற்று. அப்படி ஒரு கம்பளியை யாரும் பார்த்ததில்லை. மூடச் சொல்கிறது என்றார்கள் சிலர். வேண்டாம் என்கிறது என்றார்கள் சிலர். சண்டை முடிவதற்குள் ஒரு தூறல் வந்து ஒரு வரிசைக் கல்லைக் கரைத்துவிட்டுப் போனது.

மாடத்தி நேரே குன்றேறி வந்தாள்.

"சாமி, பாதிக் கம்பம்னா என்ன கணக்கு? இடுப்பு வரைக்கும் நனையுமா?"

சடையப்பர் கயிற்றை அவிழ்த்துக் கம்பளியை இறக்கினார்.

"நல்ல யோசனைதான். வந்தாலும் உங்க பேரு, வராட்டியும் உங்க பேரு. கரைஞ்சது மட்டும் எங்க கல்லு."

அவள் போனபிறகு சடையப்பர் குருவிடம் வந்தார்.

"அம்மா, மழை வரும் என்று நிச்சயமாக எப்போது தெரியும்?"

உலகம்மை அம்மனுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். பொங்கப் போகும்போது ஒரு குரல் கொடுங்கள், வந்து இறக்குகிறேன்."

சடையப்பர் அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார். பாலின் ஓரம் லேசாக அசைந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தார். ஏடு சுருங்கியது. வீணாக அம்மாவை எழ வைப்பானேன் என்று இருந்தார். நடுவில் ஒரு குமிழ் வந்தது. நிச்சயம்தானா என்று குனிந்து பார்த்தார்.

பால் எழும்பி அடுப்பை அணைத்துவிட்டது.

உலகம்மை வந்து துணியால் துடைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"எப்போது நிச்சயமாகத் தெரிந்தது ஐயா?"

"பொங்கியபோது அம்மா."

"அப்போது எனக்கும் தெரிந்தது. தீய்ந்த வாசனை வந்ததே."

மறுநாளும் பாலைப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடவை ஓரம் அசைந்ததுமே சடையப்பர் குரல் கொடுத்தார். உலகம்மை பூவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எட்டிப் பார்த்தார். திரும்பிப் போனார். சடையப்பர் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் எழுந்து வந்தார், போனார். அடுத்த தடவை அவர் வரவும் பால் எழும்பவும் சரியாக இருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்து இறக்கிவைத்தார்.

"உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேன் அம்மா."

உலகம்மை ஒரு தம்ளரில் பாலை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"குடியுங்கள். சூடாக இருக்கிறது."

வைகாசியில் சூளை அடுக்கும் நாள் வந்தது. கோடை முழுக்க அடித்துக் காயவைத்த கல்லெல்லாம் சூளை மேட்டைச் சுற்றித் திறந்து கிடந்தது. அது வெந்தால்தான் ஊருக்கு அந்த வருஷம் அடுப்பு எரியும். காலையிலேயே மாடத்தி வெற்றிலை பாக்கு, தேங்காயோடு மடத்துக்கு வந்து அம்மனைக் கும்பிட்டாள்.

"தாயே, இன்னைக்கு அடுக்கிட்டா இருட்டுறதுக்குள்ள தீ மூட்டிருவோம். நல்ல நாளு. விட்டா இந்த மாசத்துல வேற நாளு இல்ல."

"அம்மன் துணை" என்றார் உலகம்மை.

மாடத்தி சடையப்பர் பக்கம் திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

"சாமி, இது சூளைக்கு வச்சிருக்கது. இன்னைக்குக் கம்பளிய ஏத்தி, அது பொய்யாப் போச்சுன்னா, மொத தீ கம்பளிக்குத்தான்."

"சரி தாயி" என்றார் சடையப்பர்.

உச்சிப்பொழுதுவரை வானம் நீலமாகவே இருந்தது. அதன்பின் காற்று நின்றது. மடத்துப் புங்க மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. பருந்துகள் சிறகடிக்காமலே மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. தூரத்தில் மங்கலாகக் கிடக்கும் மேற்கு மலை கைக்கெட்டுகிற மாதிரி தெளிந்து நின்றது. அதன் தோளுக்கு மேல் வெள்ளையாக ஒரு மேகம். ஒரு கை அகலம்தான். ஆனால் அது நகரவில்லை. நின்ற இடத்திலேயே வளர்ந்தது.

சடையப்பர் உள்ளே ஓடினார். உலகம்மை விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஏற்றட்டுமா?"

"பால் எதுவரை வந்திருக்கிறது ஐயா?"

"ஓரம் அசைகிறது."

"பிறகு இங்கே ஏன் நிற்கிறீர்கள்?"

சடையப்பர் வெளியே வந்தார். கம்பளியைக் கயிற்றில் கட்டினார். பாதிக் கம்பம் வந்ததும் கை தானாக நின்றது. அம்மனை நினைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். கம்பளி உச்சியில் போய் முட்டியது.

கீழே வேலை நின்றது. எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. சூளை மேட்டில் மாடத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் ஏதோ சொன்னாள். சொன்னது என்ன என்று காதில் விழவில்லை, ஆனால் நல்ல வார்த்தை இல்லை என்பது குன்றுவரை தெரிந்தது. பிறகு கையை வீசினாள்.

ஊரே ஓலைத் தட்டிகளை இழுத்தது. திட்டிக்கொண்டே இழுத்தது. அடுக்கிய சூளையை மூடினார்கள், கிடந்த கல்லை மூடினார்கள், தட்டி பறக்காமல் மண்ணை அள்ளிப் பாரம் வைத்தார்கள்.

எல்லாம் மூடி முடிந்தபோது சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நேரம் போயிற்று. வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. சடையப்பர் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். மாடத்தி குன்றின் படியில் கால் வைப்பதைப் பார்த்தார். கையில் தீப்பெட்டி இருந்தது.

"அம்மா, மாடத்தி வருகிறாள்."

"வரட்டும். மோர் இருக்கிறது."

அவள் பாதிக் குன்று ஏறியிருப்பாள். மேற்கேயிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து அவள் தலைப்பைப் பறித்தது. மண் வாசனை வந்தது. மாடத்தி நின்று திரும்பிப் பார்த்தாள். கை அகல மேகம் மலையை விழுங்கி, பாதி வானத்தையும் விழுங்கி, அடியில் மை போலக் கறுத்து அவளுக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

"ஐயா, கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்றார் உலகம்மை.

முதல் இடி குன்றையே உலுக்கியது. மாடத்தி மிச்சப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மடத்துக்குள் வந்து விழுந்தபோது அவள் மேல் உலர்ந்த இடம் இல்லை. பின்னாலேயே ஆலங்கட்டி புளியங்கொட்டை அளவில் வாசலில் தெறித்தது.

மழை மழையாகப் பெய்யவில்லை, ஊற்றியது. மூன்று பேரும் வாசற்படிக்கு உள்ளே நின்று கீழே பார்த்தார்கள். சிவப்புத் தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. ஓலைத் தட்டிகள் முதுகை வளைத்துப் படுத்திருந்தன. ஒரு தட்டிகூட விலகவில்லை. அவற்றின் அடியில் கோடை முழுக்க உழைத்த கல் அப்படியே இருந்தது.

மழை தணிந்ததும் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை, குலவை. பெண்களெல்லாம் தெருவுக்கு வந்து குன்றைப் பார்த்துக் குலவையிட்டார்கள். யாரோ மண் மிதிக்கும் பாட்டை எடுத்தார்கள். தூறலிலேயே ஊர் ஆடியது.

மாடத்தி கையைத் திறந்தாள். தீப்பெட்டி கூழாகியிருந்தது.

"சாமி, நெசத்தச் சொல்லுங்க. உறுதியாத் தெரிஞ்சுதான் ஏத்துனீகளா?"

"இல்லை தாயி."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தீப்பெட்டிக் கூழை அவர் காலடியில் வைத்துக் கும்பிட்டாள்.

"சூளைய அடுத்த மாசம் மூட்டிக்கிடலாம். கல்லு இருக்குல்ல. தீ மூட்ட நீங்கதான் வரணும்."

மோரைக் குடித்துவிட்டு, குலவை கேட்ட பக்கம் பார்த்துப் படியிறங்கி ஓடினாள்.

மடத்தில் ஓட்டுத் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. சடையப்பர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நிச்சயம் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மழை பொய்த்திருந்தால்?"

உலகம்மை அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். உச்சியில் கம்பளி நனைந்து கனத்துத் தொங்கியது.

"பொய்த்திருந்தால் அது காய்ந்தபடி இருந்திருக்கும். இப்போது நனைந்திருக்கிறது. இறக்கிப் பிழிந்து காயப் போடுங்கள் ஐயா. நாளைக்கு வேண்டியிருக்கலாம்."