பதினேழாவது டப்பா

பொன்னுத்துரை முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஊர்க் கிறிஸ்தவ சபையை நடத்தும் உபதேசியாரிடம் வேதம் படிக்கப் போனார். உபதேசியார் ஏசுவடியான் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். சீடர் குருவை உபதேசியாரே என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சபையில் அறுபத்துநாலு வீடு. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு டப்பா இருக்கும். அறுப்பு மாதத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அறுப்புக்கு நன்றி சொல்லும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் எல்லா டப்பாவும் கோயிலுக்கு வரும். அத்தனையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கி, சபையும் சுற்று ஊரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்.

பல வீட்டு அரிசி என்பதால் அந்தச் சோறு ஒரே பதமாக வேகாது. ஒரு பருக்கை குழையும், ஒரு பருக்கை விறைத்து நிற்கும். பல் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் சமமாகக் குறை சொல்லக்கூடிய சோறு.

சமையல் பொறுப்பு பொன்னுத்துரைக்கு. போன வருஷம் அரிசி குறைந்து, கடைசிப் பந்தியில் இருந்தவர்கள் பாதி இலையோடு எழுந்து போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டையாக, ஐந்து சிப்பம் வேண்டும். டப்பாக்களை நம்பினால் மூன்றரைதான் தேறும் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தார்.

அப்போதுதான் தளவாய் ஆள் அனுப்பினார். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிற நாலு பேரில் அவர் ஒருவர். ஆறு சிப்பம் பொன்னி அரிசி தருகிறேன், பேனர் வேண்டாம், துண்டு நோட்டீஸ் வேண்டாம், பந்தி ஜெபத்தில் என் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலையில் பொன்னுத்துரை இதை உபதேசியாரிடம் சொன்னார். சொல்லும்போதே பதிலையும் தயாராக வைத்திருந்தார். டப்பாக்களில் பாதி ரேஷன் அரிசி. அது அரசாங்கம் கொடுத்தது. அதை வாங்கிப் பொங்குகிறோம், இதை வாங்கினால் என்ன?

"எவர் கையால வந்தா என்ன, உபதேசியாரே? கொடுக்கிறவர் ஆண்டவர்தானே?"

உபதேசியார் பொன்னியையும் டப்பா அரிசியையும் ஒரே அண்டாவில் போட முடியுமா என்று கேட்டார். முடியாது, பொன்னி கூழாகிவிடும் என்றார் பொன்னுத்துரை.

"அப்ப ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. வீடு வீடா போயி, இந்த வருசம் டப்பா கொண்டுவர வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. அறுபத்துநாலு வீட்டுலயும் சொல்லி முடிச்சதும் மூட்டைய இறக்கிக்கிடலாம்."

பொன்னுத்துரை சந்தோஷமாகக் கிளம்பினார். முதல் வீட்டில் சரி என்றார்கள். இரண்டாவது வீட்டில், இனிமேல் பல்லுக்கு ஆபத்தில்லை என்று சிரித்தார்கள். பதினாறு வீடு இப்படியே போயிற்று.

பதினேழாவது வீடு அன்னப்பாக்கியத்தினுடையது. புருஷன் இல்லை; ரேஷன் அரிசியில் காலம் போகிறது. பொன்னுத்துரையைப் பார்த்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து காட்டினாள். மூடி பொருந்தாத அளவுக்கு அரிசி நிறைந்திருந்தது. பழுப்பு நிறத்தில் தடித்த அரிசி.

அவர் விஷயத்தைச் சொன்னார். தளவாய் நல்ல மனிதர்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். டப்பாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள்:

"அப்ப இந்த வருசம் நானும் விருந்தாளியா, அண்ணாச்சி?"

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லாருக்கும் பதில் சொன்னவர் பொன்னுத்துரை. டப்பாவைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். பதினெட்டாவது வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிட்டார்.

உபதேசியார் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வீடு ஆச்சு?"

"பதினேழு. அதுக்கு மேல போக முடியல." நடந்ததைச் சொன்னார்.

"அப்ப முதல் பதினாறு வீட்டுக்கும் திரும்பப் போயி, டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்க."

"சிரிப்பாங்களே."

"தாண்டிப்போன ஸ்டாப்புக்கு நீங்க பஸ்ஸைத் திருப்பினதே இல்லையா?"

"ஒருநாளும் இல்ல."

"இன்னைக்குத் திருப்புங்க."

பொன்னுத்துரை அசையவில்லை. கடைசிப் பந்திக்குச் சோறு எட்டாதே என்றார். உபதேசியார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கடைசிப் பந்தியில் நானும் நீங்களும் சமையல்காரர்களும் உட்காருவோம் என்றார்.

பொன்னுத்துரை பதினாறு வீட்டிலும் சிரிப்பு வாங்கிக்கொண்டார். பிறகு தளவாயிடம் தானே நேரில் போய், அரிசி வேண்டாம் ஐயா, சாப்பிட வாங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அறுபத்துநாலு டப்பாவும் வந்தன. அளந்ததில் நாலு சிப்பத்துக்கு இரண்டு படி குறைந்தது.

சனிக்கிழமை பந்திக்கு முன் உபதேசியார் ஜெபம் செய்தார். பெய்த கொஞ்ச மழைக்கு நன்றி சொன்னார். ரேஷன் அரிசி கொடுத்த அரசாங்கத்துக்காக நன்றி சொன்னார். தேர்தலில் நிற்கிற நாலு பேரையும் பெயர் சொல்லி, ஞானம் கேட்டார். அறுபத்துநாலு அடுப்படிக்கும் நன்றி சொன்னார். குழந்தைகள் கண்ணைத் திறந்து திறந்து இலையைப் பார்த்தார்கள்.

பிரசாரம் முடித்துத் தளவாய் வரும்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அன்னப்பாக்கியம் பரிமாறிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரே போனாள்.

"வாங்கய்யா, உக்காருங்க. இன்னைக்கு நீங்க எங்க விருந்தாளி."

உபதேசியாருக்கும் பொன்னுத்துரைக்கும் நடுவில் அவருக்கு இலை போட்டாள். வாளியைச் சுரண்டினாள். பாதி இலைக்குத்தான் இருந்தது. பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் தம் இலையில் கை படாத பக்கத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தளவாய் இலையில் வைக்க அவளிடம் சொன்னார்.

"ஜெபத்துல உங்க பேரும் உண்டு," என்றார் பொன்னுத்துரை மெதுவாக.

"எத்தனாவதா?"

"மூணாவதா."

தளவாய் சிரித்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"ஒண்ணு குழைஞ்சிருக்கு, ஒண்ணு வேகல. என் அரிசியை வாங்கியிருந்தா எல்லாம் ஒரே பதமா இருந்திருக்கும். இலையும் நிறைஞ்சிருக்கும். ஏன் வேண்டாம்னீங்க, உபதேசியாரே?"

பொன்னுத்துரையும் கையை நிறுத்திவிட்டு உபதேசியாரைப் பார்த்தார்.

"அன்னப்பாக்கியம் உங்களை என்ன சொல்லி உக்கார வச்சா, ஐயா?"

"விருந்தாளின்னு."

"உங்க அரிசி வெந்திருந்தா அவ அதைச் சொல்லியிருக்க முடியாதே."