பிஸ்டனின் வயது

ஒரு விடுகதை.

கதவில்லாத வீடு, ஜன்னல் மட்டும் உண்டு. உள்ளே ஒருத்தன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை ஏறுவான், பத்தாயிரம் தடவை இறங்குவான். வயது கேட்டால் வருடத்தில் சொல்ல மாட்டான், மணியில் சொல்வான். யார் அவன்?

நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள். ருக்சானா யோசிக்கவில்லை.

"பிஸ்டன்" என்றாள்.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. விடுகதை போட்டவர் பிலோமினா. "நாளைக்குக் காலையில் வா" என்று மட்டும் சொன்னார்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு மண் பந்தயப் பாதை இருக்கிறது. மேடும் பள்ளமுமாக மோட்டார் சைக்கிள்கள் தாவி ஓடும் பாதை. அதன் ஓரத்தில் பிலோமினாவின் தகரக் கொட்டகை. அவருக்கு இருபத்தாறு வயது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களை மட்டும்தான் தொடுவார். வேறு வண்டி வந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஒரு வருடம் போயிற்று.

அந்தக் கோடையில் ருக்சானா தன் வண்டியின் என்ஜினைத் தானே கழற்றினாள். புது பிஸ்டன் போட்டாள். தானே பூட்டினாள். இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பிலோமினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிறுவர் பந்தயத்திலும் மைக்கில் ஒரே அறிவிப்புதான். "அடுத்து வருவது, தன் என்ஜினைத் தானே பூட்டிய ருக்சானா!"

மைதானமே கை தட்டும்.

டிசம்பரில் கடைசிப் பந்தயம் வந்தது. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்த வருடத்துக் கோப்பை ருக்சானாவுக்கு.

அன்று காலை ஏழு மணிக்கு அவள் கொட்டகைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு டூ-ஸ்ட்ரோக் என்ஜின் எத்தனை மணி நேரம் தாங்கும்?"

பிலோமினா டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏன் கேக்கறே?"

"வண்டியோட வந்த புத்தகத்துல முப்பது மணி நேரம்னு போட்டிருக்கு. அதுக்கு அப்புறம் பிஸ்டனை மாத்தணுமாம். பிஸ்டன் போட்டதிலிருந்து என் மீட்டர் முப்பத்தொரு மணி காட்டுது."

"அப்ப மாத்து."

"மாத்த நேரமில்லைக்கா. ஒன்பது மணிக்கு ஓட்டம். இருபது நிமிஷம்தான். தாங்குமா?"

பிலோமினா எழுந்தார். மர அலமாரியிலிருந்து மூன்று பழைய பிஸ்டன்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"வயசுப்படி அடுக்கு."

ருக்சானா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்று கரடுமுரடாகத் தேய்ந்திருந்தது. ஒன்றில் கறுப்புப் படிந்திருந்தது. ஒன்று வழவழப்பாக, கழுவி வைத்த கிண்ணம் போல இருந்தது.

வழவழப்பை முதலில் வைத்தாள். கறுப்பு நடுவில். தேய்ந்தது கடைசியில்.

"இது குழந்தை. இது நடு வயசு. இது தாத்தா" என்றாள்.

"தாத்தாவுக்கு வயசு பதினாலு மணி நேரம்" என்றார் பிலோமினா.

"என்னது?"

"ஏர் ஃபில்டரைக் கழுவாமலே ஓட்டினாங்க. மண்ணைத் தின்னு செத்தது."

"அப்ப இந்தக் குழந்தை?"

"நூத்திப் பத்து."

ருக்சானா அந்த வழவழப்பான பிஸ்டனை மறுபடி எடுத்தாள். தடவிப் பார்த்தாள். நம்பாமல் மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள்.

"மோந்தா வயசு தெரியுமா?"

"அக்கா, கிண்டல் பண்ணாதீங்க. இது யாரோடது?"

"தோட்டத்துக்கு வேலைக்குப் போற ஒரு அண்ணனோடது. தினமும் ஃபில்டரைக் கழுவுவார். சூடேறின பிறகுதான் கிளம்புவார். அவசரமே படமாட்டார்."

"அப்ப புத்தகத்துல இருக்கிற முப்பது?"

"புத்தகம் எழுதினவருக்கு உன்னைத் தெரியாது கண்ணு."

ருக்சானாவின் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா என்னோடது தாங்கும்! நானும் ஃபில்டரைத் தினமும் கழுவறேன். பெட்ரோல்ல ஆயிலை அளந்துதான் கலக்கறேன். நான் பூட்டினதுக்கா அது. ரெண்டு நாளா எப்படி ஓடுது தெரியுமா? இந்த மாதிரி ஒருநாளும் ஓடினதில்லை. மூணாவது கியர்ல பாடுது!"

பிலோமினா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாடுதா?"

"பாடுது."

"என்னைக்கிலிருந்து?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

"வியாழக்கிழமை என்ன செஞ்சே?"

"கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். திரும்பப் பூட்டினேன்."

"ஸ்டார்ட் பண்ணு."

ருக்சானா உதைத்தாள். முதல் உதையிலேயே வண்டி எழுந்தது. அவள் பெருமையாக நிமிர்ந்து நின்றாள்.

"முறுக்கு" என்றார் பிலோமினா. முறுக்கினாள்.

"விடு." விட்டாள்.

கையை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்கவில்லை. மேலேயே நின்றது. பிறகு மனமில்லாமல் இறங்கி வந்தது.

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"வயிறு நிறைஞ்ச டூ-ஸ்ட்ரோக் லேசா உறுமும்" என்றார் பிலோமினா. "பட்டினி கிடக்கிறதுதான் பாடும்."

"நான் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊத்தியிருக்கேனே!"

"டேங்க்ல இருக்கு. உள்ளே போகுதா? பெட்ரோலோடதானே ஆயிலும் போகுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். கார்புரேட்டரைப் பிடி."

ருக்சானா பிடித்தாள்.

"திருப்பு."

கார்புரேட்டர் அவள் கையோடு திரும்பியது.

அது திரும்பக் கூடாது. கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்க ஒரு ரப்பர் குழாய் உண்டு. அந்தக் குழாயை ஒரு இரும்பு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்குக் கிளாம்ப் என்று பெயர். கிளாம்ப் தளர்ந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்று உள்ளே புகும்.

ருக்சானா குனிந்து பார்த்தாள். திருகு பாதியில் நின்றிருந்தது.

அவளுக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தத் திருகை விரலால் முடுக்கினாள். அடுத்து ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் கேட்டிருந்த ஸ்டிக்கர் வந்தது. பெரிய மஞ்சள் எழுத்தில் 'ருக்சானா' என்று இருந்தது. அதைக் குமிழி விழாமல் டேங்கில் ஒட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை.

இப்போது எடுத்தாள். அந்தத் திருகை முடுக்கினாள். கார்புரேட்டர் அசையவில்லை.

"சரியாயிடுச்சு இல்லைக்கா? இனிமே காத்து போகாது இல்லை?"

"இனிமே போகாது."

"இதுவரைக்கும் போனது?"

பிலோமினா டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ருக்சானாவுக்குப் புரிந்தது. புகைக்குழாயின் இரண்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றினாள். குழாயை உருவி வைத்தாள். என்ஜினின் ஜன்னல், அதாவது புகை வெளியேறும் துளை, தெரிந்தது. உதைகட்டையைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டனை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்தாள்.

"நீங்க பாருங்கக்கா."

"நான் எதுக்கு? பூட்டினது யாரு?"

ருக்சானா டார்ச் அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோடு இருக்கு."

"எத்தனை?"

"மூணு... இல்லை, நாலு. மேலேயிருந்து கீழே."

"நகம் மாட்டுதா?"

சுண்டுவிரலை ஜன்னல் வழியே விட்டாள். பிஸ்டன் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்தாள்.

"மாட்டுது."

ருக்சானா டார்ச்சை அணைத்தாள். வெளியே மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன், டூ, த்ரீ. ஒன், டூ, த்ரீ.

"இதோட ஓட்டினா என்னாகும்?" என்று ருக்சானா கேட்டாள்.

"ஓடலாம்."

"நின்னும் போகலாமா?"

"போகலாம். மேட்டுல தாவி நீ இறங்கற நேரம் பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடிச்சுதுன்னா, பின்சக்கரம் நிக்கும். நீ நிக்க மாட்டே."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"நான் அந்த என்ஜினைப் பூட்டலை."

ருக்சானா கைப்பிடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்தாள். தலையில் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பிலோமினா பின்னால் போனார்.

பந்தயப் பாதையின் நுழைவாயிலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மயில்சாமி. பெயர் பதிவதும் அவர்தான், மைக்கில் அறிவிப்பதும் அவர்தான். வரிசையில் கவின் தன் வண்டியோடு நின்றிருந்தான். ருக்சானா வராவிட்டால் கோப்பை அவனுக்கு.

"என்ன, வண்டியைக் காணோம்? உன் கிரைண்டர் இன்னும் மாவு ஆட்டி முடிக்கலையா?" என்றான்.

ருக்சானா அவனைப் பார்க்கவில்லை.

"மாமா, நான் இன்னைக்கு ஓட்டலை. விலகிக்கறேன்."

மயில்சாமியின் கையிலிருந்த டீ பாதி சிந்திவிட்டது. "ஏன் பாப்பா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கு ஒண்ணுமில்லை. பிஸ்டன்ல கோடு விழுந்திருக்கு."

மயில்சாமி நிமிர்ந்து பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா தலையசைத்தார்.

மயில்சாமி ஒரு தாளை எடுத்தார். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. விலகுகிறவர் காரணத்தை எழுதித் தரவேண்டும். பந்தயம் தொடங்கும் முன் அது மைக்கில் வாசிக்கப்படும். விலகியவர் பயந்து ஓடிவிட்டார் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது.

"மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்றார்.

"முப்பத்தொண்ணு."

"அட, அப்ப கவலையை விடு. புத்தகமே முப்பதுன்னுதான் சொல்லுது. நீ ஒரு மணி கூடவே ஓட்டியிருக்கே. 'என்ஜின் ஆயுள் முடிந்தது'ன்னு எழுதிடறேன். மைக்லயும் ஜோராச் சொல்றேன். தன் என்ஜினைத் தானே பூட்டி, முப்பத்தொரு மணி நேரம் ஓட்டிய ருக்சானான்னு. எப்படி?"

ருக்சானா திரும்பிப் பார்த்தாள். பிலோமினா அவளைப் பார்க்கவில்லை. பாதையில் தண்ணீர் தெளிக்கும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவின் வண்டியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"அது ஆயுள் முடிஞ்சு போகலை மாமா" என்றாள் ருக்சானா. "அது இன்னும் ஓடியிருக்கும்."

"அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது பாப்பா? எதை எழுதறோமோ அதைத்தான் நான் படிக்கப்போறேன். ஊரே கேக்கும். யோசிச்சுச் சொல்லு."

ருக்சானா அவரிடமிருந்து பேனாவை வாங்கினாள். காரணம் என்ற இடத்தில், 'நான் கிளாம்பை முடுக்க மறந்துவிட்டேன்' என்று எழுதினாள். கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.