ஆறு முதலிடங்கள்

பிலோமினா அந்த மேலாண்மைக் கல்லூரியின் கணினிக் கூடத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். அங்கே மாணவர்கள் ஆறு அணிகளாகப் பிரிந்து, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளில், ஒரே சந்தையில் போட்டி போட்டு பிஸ்கட் கம்பெனி நடத்திப் பழகுவார்கள். கல்லூரி நிர்வாகமும் அதே மென்பொருளில்தான் நடந்தது.

“நாளைக்கு ஆய்வுக்குழு வருது. ஆறு அணியும் முதலிடத்துல இருக்கணும்,” என்றார் இயக்குநர் ஞானவரதன். “இல்லேன்னா உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி.”

“ஆகட்டும் சார். எழுதி அனுப்பறேன், ஒப்புதல் குடுங்க.”

அனுப்பினாள். வழக்கம்போல அவர் படிக்காமலே பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் திரையில் ஆறு முதலிடங்கள். குழுவில் வந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இதெப்படி?” என்றார்.

“அணிக்கொரு சந்தை மேடம். யாருக்கும் போட்டியே கிடையாது,” என்றாள் பிலோமினா.

“எவ குடுத்த யோசனை இது?” என்று இயக்குநர் சீறினார்.

பிலோமினா ஒப்புதல் பக்கத்தைத் திறந்தாள். ‘ஆறு அணிகளும் முதலிடம் பெறுவதற்காகப் போட்டி நீக்கப்படுகிறது.’ கீழே ஒப்புதல் தந்தவராக இயக்குநர் பெயர். மாணவர்கள் சிரித்தார்கள். அம்மாள் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

குழு போனதும் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். “உன்னை நீக்கறேன்.”

“சரி சார்,” என்றாள் அலுப்போடு. “காரணம் எழுதணும். அந்தக் கட்டம் காலியா இருந்தா மென்பொருள் ஏத்துக்காது.”

‘சொன்னதைச் செய்தாள்’ என்று அடித்தார். அழித்தார். வேறு எதையோ அடித்து அதையும் அழித்தார். கடைசியில் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டித்தார். அதற்குக் காரணம் கேட்கும் கட்டம் எதுவும் இல்லை.