நடக்கத் தெரியாத எல்லைக்கல்

ஜெர்மனியின் மேற்குக் கோடியில் ஏர்லன்பாக் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்குப் பின்னால் சதுப்பு நிலம், அதைத் தாண்டினால் ஒரு மேடு. மேட்டில் பாதி ஜெர்மனி, மறுபாதி ஹாலந்து. நடுவில் ஓர் எல்லைக்கல் நின்றது.

பாவம், அந்தக் கல்லுக்கு எப்போதும் குழப்பம்தான். முதலில் அதன் முகத்தில் ஒரு பிரபுவின் சிங்கச் சின்னத்தைச் செதுக்கினார்கள். பிறகு பிஷப் வந்தார். சிங்கத்தைச் சுரண்டிவிட்டுச் சிலுவை போட்டார்கள். பிரெஞ்சுப் படை வந்தபோது சிலுவையும் போயிற்று. அப்புறம் ஒரு ராஜா வந்தார், கழுகு வந்தது. தன் முகம் எது என்று யோசிக்க ஆரம்பித்தாலே கல்லுக்குத் தலை சுற்றும். ஒன்றில் மட்டும் அதற்குச் சந்தேகமில்லை. யார் வந்தாலும் போனாலும், தான் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பதுதான் அது.

ஒரு வசந்தத்தில் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. ஹாலந்துப் பக்கத்தில் கிரீட் என்ற விதவையின் தோட்டம். அதில் ஒரு பேரி மரம். முன்பெல்லாம் அதனிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். இப்போதோ அதன் பூக்கள் கல்லின் தலையிலேயே உதிர்ந்தன.

"ஏன் என் மேல வந்து விழறே? உன் நாட்டுல இடமா இல்ல?" என்றது கல்.

மரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா வர்றேன்? வேரைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா வந்தேன்? நீதான் வருஷா வருஷம் நகர்ந்து வர்றே."

"எனக்குக் காலே கிடையாதே!"

"எனக்கும் அதான் புரியல."

கல், தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவலைக் கூப்பிட்டது. "உனக்கு அங்கேயிருந்து எல்லாம் தெரியுமே, நீ சொல்லு. நகர்ந்தது யாரு?"

"காத்து மேற்கேயிருந்து அடிக்குது" என்றது சேவல்.

"நான் அதைக் கேக்கல."

"இப்ப வடக்கேயிருந்து" என்று சொல்லிவிட்டு அது முதுகைக் காட்டிக்கொண்டது.

இந்தக் குழப்பம் போதாதென்று எல்லை அதிகாரி ஃபால்க் வந்து சேர்ந்தார். கல்லில் முதுகைச் சாய்த்து மரத்தை நோக்கிக் கையை நீட்டினார். விரல் நுனி பட்டையைத் தொட இம்மிதான் பாக்கி.

"எல்லைக்கல்லுக்குக் கையெட்டும் தூரத்துல மரம் நிக்கக் கூடாது. ரெண்டு அரசாங்கமும் ஒத்துக்கிட்ட சட்டம். அடுத்த தடவை எட்டுச்சுன்னா வெட்டிடுவோம்."

கிரீட் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஐயா, இந்தப் பழத்தை உலர்த்தி வித்துத்தான் குளிர்காலம் முழுக்க எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

"அப்படின்னா மரம் நகராமப் பார்த்துக்கோங்கம்மா."

மரத்தின் உயிர் தன்னால் போகப்போகிறது. ஆனால் தான் எப்படி நகர்கிறோம் என்றுதான் கல்லுக்கு விளங்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொருமுறை ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். புதிதாகக் குடிவந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, பின்புறத்தை எல்லைக்கல்லில் மூன்று தரம் இடிப்பார்கள். எல்லை எங்கே என்பது அவருக்கு மறக்கக் கூடாதாம்.

அந்த வருஷம் மாட்டிக்கொண்டவர் ரொட்டிக்கடை லென்ஸ். நல்ல கனம்.

"மெதுவாப்பா! எலும்பு இருக்கு எனக்கு!"

"எங்கேய்யா இருக்கு? பூரா மாவுதான்!" என்றான் கொத்தனார் யோஸ்ட். "இடிங்கடா!"

முதல் இடியில் கல்லின் தலை மயிரிழை ஹாலந்துப் பக்கம் சாய்ந்தது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். மூன்றாவது இடி விழுந்ததும் யோஸ்ட் கடப்பாரையோடு வந்தான். "இந்த வருஷமும் சாஞ்சுடுச்சு. அடியையும் அந்தப் பக்கமே நெம்பித் தள்ளினா நேராயிடும்."

அப்போதுதான் கல்லுக்கு உறைத்தது. முதலில் தலை, பிறகு கால். இப்படித்தானே இத்தனை காலமும் தன்னை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்! எல்லையை மறக்கக் கூடாது என்று இடித்து இடித்தே எல்லையை நகர்த்திவிட்டார்களே!

ஃபால்க் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கல் நிமிர்ந்ததும் அளந்து பார்க்கத் தயாராக நின்றார். கிரீட் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

நேராக நின்றால் அவர் கை மரத்தை எட்டும். நிற்காவிட்டால் நான் எல்லைக்கல்தானா, இல்லை வெறும் கல்லா? யோசிக்க நேரமில்லை. கடப்பாரை அடியில் நுழைந்தபோது, கல் மண்ணைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டது.

தடாலென்று முழு நீளத்துக்கும் விழுந்தது. பதறி விலகிய லென்ஸ் கல் நின்ற குழியில் சறுக்க, ஈரக்கரை சரிந்து குழியும் மூடிக்கொண்டது.

"எங்கே நின்னுச்சு?" என்று கத்தினார் ஃபால்க்.

"இங்கே" என்றான் யோஸ்ட். "இல்லியே, அங்கே" என்றார் லென்ஸ். கிரீட் ஊர்ப்பக்கமாக வெகுதூரத்தைக் காட்டினாள்.

ஃபால்க் நீட்டிய கையோடு நின்றார். எங்கிருந்து அளப்பது? "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார்.

லென்ஸ் பின்புறத்தைத் தடவிக்கொண்டே, கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தார். கிரீட் கூடை நிறைய உலர்ந்த பேரிப்பழம் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"மரமே, இப்ப நான் எந்த நாட்டுல இருக்கேன்?" என்று ஈனக்குரலில் கேட்டது கல்.

"தலை எங்க நாட்டுல, கால் உங்க நாட்டுல. நடுவுல ரொட்டிக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."