கண்ணீர்ச் சுழிக் குதிரை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே வண்டித்தடம்கூட இல்லாத காலத்தில், மாராயி என்றொரு உப்புக்காரி இருந்தாள். அவள் புருஷன் சடையன் மூட்டை சுமந்து சுமந்து தோள் இறங்கிப் போனான். இன்னும் சில கோடை சுமந்தால் ஆள் தேறமாட்டான் என்று அவளுக்குப் பயம். பயம் வராதா பின்னே?

அந்த ஊரில் மருதையன் என்ற செல்வர் குதிரை வளர்த்தார். மாராயி அவரிடம் போய் ஒரு பெட்டைக் குதிரையை வாரத்துக்குக் கேட்டாள். வாரம் என்றால், குதிரை ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. முதல் குட்டி உடையவருக்கு, இரண்டாவது வளர்த்தவருக்கு.

மாராயி புல் அறுத்தாள், கொள்ளு வேகவைத்தாள், தூறல் விழுந்தால் தன் சேலையை அதன்மேல் போர்த்தினாள். முதலில் ஓர் ஆண்குட்டி பிறந்தது. மருதையன் வந்து குனிந்து பார்த்தார். இடக்கண்ணுக்குக் கீழே மயிர் வட்டமாகச் சுழித்திருந்தது.

"ஐயோ, கண்ணீர்ச் சுழி! வளர்க்கிற வீட்டை அழவைக்கும். மாராயி, இது உனக்கே. அடுத்தது எனக்கு."

ஊரார் முன்னால்தான் சொன்னார். சொன்னபடியே அடுத்த குட்டியையும் தாயையும் ஓட்டிக்கொண்டு போனார்.

"காட்டில் விட்டுவிடு, அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஆற்றுக்கு அப்பால் துரத்து" என்றார் பூசாரி. "உங்களை அழவைக்க எங்கள் அண்ணன் ஒருத்தர் போதாதா, அண்ணி?" என்று கேலி செய்தாள் நாத்தனார்.

மூவருக்கும் மாராயி ஒரே பதில் சொன்னாள்: "சுழி முகத்தில் இருக்கிறது. மூட்டை சுமப்பது கால்." சொன்னாளே ஒழிய, தினமும் விடிந்ததும் முதலில் புருஷனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் போயிற்று. குட்டி வளர்ந்து, முதன்முதலாக மூன்று மூட்டை உப்போடு வழுக்குப் பாறையில் இடறாமல் ஏறியது. அவ்வழியே வந்த அரசரின் குதிரைப்படைத் தலைவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இப்படிப்பட்ட கால் அரண்மனையில்கூட இல்லை. எங்கள் பெட்டைகளோடு சேர்க்க இதை ஆண்டுக்கு ஒரு மாதம் வாடகைக்கு விடுவாயா, அம்மா?"

சேதி கேட்டு மருதையன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "முதல் குட்டி என்னுடையது! அதுதான் வாரப் பேச்சு!"

மாராயி கயிற்றை அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எடுங்கள். இந்தச் சுழி கெட்டதா? கெட்டதென்றால் அரசர் லாயத்துக்கு எப்படி அனுப்புவீர்கள்? கெட்டதில்லை என்றால், அன்றைக்கு எதைக் காட்டி என் பங்கை மாற்றினீர்கள்?"

மருதையன் கயிற்றைத் தொடாமல் பின்வாங்கினார்.

தலைவர் சிரித்துவிட்டார். "கயிறு அவள் கையிலேயே இருக்கட்டும். சுழியைப் பார்த்து எங்கள் பகைவர் அழட்டும்!"

அந்தக் கோடையில் சடையன் வெறுந்தோளோடு, பாடிக்கொண்டே மலை ஏறினான். அவனுக்குப் பின்னால் குதிரை. குதிரைக்குப் பின்னால், "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே மாராயி.

ஆகவே, கெட்டதென்று நாம் தள்ளியதை இன்னொருவர் பாடுபட்டு நல்லதாக்கினால், அது அவருக்கே உரியது.